பியானோ பயிற்சியில் ஆர்வம் தளராமல் இருப்பது எப்படி?

அந்திநேர மாணவன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நடுவயதில் பியானோ கற்கத் தொடங்கியவன் நான். ஐந்து விரல்களுக்குள் அடங்கும் சிறிய மெட்டுகளை வாசித்த காலத்தில் வாரத்துக்கு ஒன்றாவது கைக்கு வந்துவிடும். அந்த மகிழ்ச்சியே மறுநாளும் என்னை உட்கார வைத்தது. இப்போது பாக்கின் முதல் இன்வென்ஷனையும் (இரண்டு கைகளும் இரு தனிக் குரல்களாக, அதாவது இரு தனி மெட்டுகளாக வாசிக்கும் சிறு உருப்படி) பீத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ என்ற உருப்படியையும் ஆசிரியர் கொடுத்திருக்கிறார். இரண்டுமே மாதக்கணக்கில் அரைகுறையாக நிற்கின்றன. வேலை முடிந்து வரும்போது இன்று உட்கார்ந்தே தீர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உட்கார்ந்தால், தெரிந்த பகுதிகளையே சில முறை வாசித்துவிட்டு, விரல் இடறும் இடம் வந்ததும் எரிச்சலோடு எழுந்துவிடுகிறேன். இசையின் மீதுள்ள விருப்பம் குறையவில்லை. பயிற்சியின் மீதுதான் மனம் செல்ல மறுக்கிறது. இந்நிலையைக் கடந்தவர்கள் எவ்வாறு கடந்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன். மன உறுதி வேண்டும் என்ற அறிவுரையை எனக்கு நானே போதுமான அளவு சொல்லிக்கொண்டுவிட்டேன்; தயவுசெய்து அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நேரந்தவறாதவர்

மன உறுதியை நம்பியிருக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து, நண்பரே. பயிற்சிக்கு ஒரு நேரத்தை ஒதுக்குவதைக் காட்டிலும், ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு அதைப் பிணைத்துவிடுவது நல்லது. வேலையிலிருந்து வந்து கை கழுவியதும் பியானோ, அதன் பிறகுதான் மற்றவை என்று வைத்துக்கொண்டால், இன்று வாசிக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் பழக்கம் உருவாகும் முறையைப் பற்றி நடத்தி 2010-இல் அச்சில் வெளிவந்த ஆய்வில், ஒரு புதிய செயல் யோசனையின்றி நடக்கும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் விடுபட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதும் தெரியவந்தது. தொடர்ச்சி அறுந்துவிட்டதே என்று வருந்தி அடுத்த இரண்டு வாரங்களையும் சேர்த்துக் கைவிடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெடல்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பியானோவின் மூடியைத் திறந்தே வையுங்கள். மின்னணுப் பியானோவாக இருந்தால் அதன் மீது துணி, கோப்பு, சலவைக்குப் போக வேண்டிய சட்டை எதுவும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை எந்த இடத்தில் தொடங்க வேண்டுமோ அந்தப் பக்கம் தாங்கியில் விரிந்திருக்கட்டும். ஹெட்ஃபோன் கம்பியைத் தேடுவதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தில் மனம் மாறிவிடுகிறது என்பதே என் அனுபவம்.

கற்றுத்தருபவர்

பல ஆண்டுகளாகப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பியானோ சொல்லிக்கொடுத்துவருகிறேன். மேலே இருவரும் கூறியவை பயனுள்ளவையே. ஆனால் அவை உங்களை இருக்கைவரை மட்டுமே கொண்டுவரும். நீங்களோ இருக்கைக்கு வரத்தான் செய்கிறீர்கள். உங்கள் பதிவை மறுபடி படித்துப் பாருங்கள்: தெரிந்த பகுதிகளை வாசிக்கிறேன், இடறும் இடம் வந்ததும் எழுந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் ஒவ்வொரு நாள் பயிற்சியும் தோல்வியில்தான் முடிகிறது. அரை மணி நேரம் உழைத்தும் நேற்றிருந்த இடத்திலேயே நிற்கும் ஒரு வேலையை மனம் வெறுப்பது சோம்பல் ஆகாது. அது சரியான கணிப்பு. ஆர்வம் குறைந்ததால் முன்னேற்றம் நின்றுவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இது தலைகீழாகவே நடந்திருக்கிறது: முன்னேற்றம் நின்றது முதலில், ஆர்வம் போனது அதன் பின்னர்.

‘ஃபியூர் எலீஸை’ எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பகுதி ஓரளவு எளிது. பிறகு இசை எஃப் மேஜர் என்ற வேறு ஸ்வர வரிசைக்குத் தாவுகிறது. சற்று நேரத்தில் வலதுகையில் முழு ஸ்வரத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு நீளமே உள்ள ஸ்வரங்கள் விரைந்து வருகின்றன. பின்னர் இடதுகை ஒரே ஏ-ஸ்வரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, வலதுகை கனமான கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்களை) வாசிக்க வேண்டிய பகுதி வேறு இருக்கிறது. உலகில் இந்த உருப்படியின் முதல் பக்கத்தை மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை, முழுவதையும் வாசிக்கத் தெரிந்தவர்களைப்போல் பல மடங்கு இருக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். அவர்கள் எல்லோரும் ஒவ்வொரு முறையும் முதல் பாரிலிருந்தே (பார் என்பது இசைத்தாளில் கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒரு சிறு பகுதி) தொடங்கியவர்கள். நூறு முறை உட்கார்ந்தால் முதல் பக்கம் நூறு முறை மெருகேறும். கடினமான இடத்துக்கோ களைத்த விரல்களும் சலித்த காதுகளும் மட்டுமே மிஞ்சும். கறை பட்ட இடத்தைத் தொடாமல் முழுத் துணியையும் திரும்பத் திரும்ப அலசுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்து 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். பல்கலைக்கழக அளவில் தேர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேரிடம் ஷோஸ்டகோவிச்சின் பியானோ கான்செர்டோ ஒன்றிலிருந்து எடுத்த மிகச் சிறிய பகுதியைக் கொடுத்து, போதும் என்று அவர்களுக்கே தோன்றும்வரை பயிற்சி செய்யச் சொன்னார்கள். மறுநாள் அதை வாசிக்கவைத்து மதிப்பிட்டார்கள். யார் அதிக நேரம் பயிற்சி செய்தார், யார் அதிக முறை வாசித்தார் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. சிறப்பாக வாசித்தவர்களிடம் காணப்பட்ட வேறுபாடு, தவறு நேர்ந்தபோது அவர்கள் செய்ததில் இருந்தது. எந்த இடத்தில், எதனால் தவறுகிறது என்பதைத் துல்லியமாகக் கண்டு, அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, தவறு நீங்கும்வரை அவ்விடத்தைவிட்டு அவர்கள் நகரவில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் அறிவுரையும் இதுதான்: இன்று உட்காரும்போது இடறும் இடத்திலிருந்து தொடங்குங்கள். அந்த ஒரு பார் நேற்றைவிடச் சீராக வந்துவிட்டால், வேறு எதையும் வாசிக்காமல் எழுந்துபோனாலும் குற்றமில்லை.

அந்திநேர மாணவன்

விரிவான பதிலுக்கு நன்றி, ஐயா. தாங்கள் சொல்வது சுருக்கென்று உறைக்கிறது. எனினும் ஒரு ஐயம். இடறும் இடத்தை மெதுவாக வாசி என்று என் ஆசிரியரும் சொல்கிறார். அவ்வாறு வாசித்தால் சரியாகவும் வருகிறது. வேகத்தைக் கூட்டியதும் பழைய தவறு அப்படியே திரும்பிவிடுகிறது. அதோடு, மெதுவாக வாசிக்கும்போது இசை என்ற உணர்வே எழுவதில்லை. தட்டச்சுப் பயிற்சி செய்வதாகவே தோன்றுகிறது. இன்வென்ஷனில் இரண்டு கைகளும் சேரும் இடங்களில்தான் சிக்கல்.

கற்றுத்தருபவர்

மெதுவாக வாசிக்கும்போது எதைக் கவனிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால் வரும் சலிப்பு அது. இன்வென்ஷனையே பார்ப்போம். மொத்தம் 22 பார்கள். முதல் பாரில் வலதுகை ஒரு சிறிய உருவை (சில ஸ்வரங்களாலான சிறு மெட்டை) வாசிக்கிறது. அந்த பாரின் நடுவிலேயே இடதுகை ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே அதே உருவைத் தொடங்குகிறது. மூன்றாம், நான்காம் பார்களில் வலதுகை அந்த உருவைத் தலைகீழாகத் திருப்பிப் படிப்படியாக இறங்குகிறது. அதே வேளையில் இடதுகை உருவின் முதல் நான்கு ஸ்வரங்களை மட்டும் இரட்டிப்பு நீளத்தில் வாசிக்கிறது. ஏழாம் பாரில் முறை மாறி, இடதுகை முன்னே செல்ல வலதுகை பின்தொடர்கிறது. பென்சிலை எடுத்துக்கொண்டு அந்த உரு வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். நேராக வருவதற்கு ஒரு குறி, தலைகீழாக வருவதற்கு வேறு குறி. அதன் பிறகு மெதுவாக வாசித்தால் நீங்கள் கட்டைகளைத் தட்டமாட்டீர்கள். யார் பேசுகிறார், யார் பதில் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பாக் 1723-இல் எழுதிய முகப்புக் குறிப்பிலேயே, இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவதுபோல வாசிக்கும் முறையை எய்தவும் கற்பவர்களுக்காகவே இவற்றை அமைத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

வேகம் கூட்டியதும் தவறு திரும்புவதற்குப் பெரும்பாலும் விரலமைப்பே காரணம். மெதுவான வேகத்தில் எந்த விரலை வேண்டுமானாலும் வைத்துச் சமாளித்துவிடலாம். வேகத்தில் அது முடியாது. எனவே, அந்த பாரில் இரண்டு கைகளுக்கும் விரல் எண்களைத் தாளில் எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் அதே விரல்களால்தான் வாசிக்கிறீர்களா என்று பாருங்கள். மெட்ரோனோமை (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துச் சீராக வந்ததும் உடனே 90-க்குத் தாவ வேண்டாம். 63, 66 என்று ஏற்றுங்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: முழு வேகத்தில் நான்கே ஸ்வரங்களை வாசித்து நிறுத்துங்கள். பிறகு அடுத்த நான்கு. பின்னர் அந்த எட்டையும் சேர்த்து. கை முழு வேகத்தில் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை இவ்வாறே கற்றுக்கொள்ளும். மெதுவாகச் செல்லும் கையின் அசைவும் வேகமாகச் செல்லும் கையின் அசைவும் ஒன்றல்ல.

நேரந்தவறாதவர்

கற்றுத்தருபவர் கூறியதை ஏற்கிறேன். ஆனால் அடிப்படைப் பயிற்சிகளை நாம் மறந்துவிடக் கூடாது. ஸ்கேல்களும் (ஸ்வரங்களை வரிசையாக ஏற்றி இறக்கி வாசிப்பது) ஹானோன் என்பவரின் விரல் பயிற்சிகளும் விரல்களுக்கு வலிமை தருகின்றன. ஆர்வம் இல்லாத நாள்களில் யோசிக்காமல் செய்யக்கூடியவை அவைதாம் என்பதால், நான் தினமும் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

கறுப்புக்கட்டை

இங்கே நான் மாறுபடுகிறேன். யோசிக்காமல் செய்ய முடியும் என்பதே அவற்றின் குறை. ஹானோனின் 60 பயிற்சிகள் 1873 முதல் அச்சில் இருந்துவருகின்றன. அவற்றால் பயன் பெற்றவர்கள் இருக்கலாம். ஆனால் அரை மணி நேரம் மட்டுமே கிடைக்கும் ஒருவர் அதில் பாதியை ஹானோனுக்குக் கொடுத்தால், விரும்பிக் கற்க வந்த இசைக்கு என்ன மிஞ்சும்? ஸ்கேலைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. எந்த உருப்படியைக் கற்கிறோமோ அது அமைந்த ஸ்கேலை மட்டும், இரண்டு ஆக்டேவுக்கு, காதால் கேட்டு வாசித்தால் அது உருப்படிக்கே உதவும். இயந்திரத்தனமாக நீண்ட நேரம் வாசிப்பதை, இசையமைப்பாளரும் பியானோ ஆசிரியருமான ஷோபன் விரும்பவில்லை. நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம் என்று தம் மாணவர்களிடம் அவர் சொன்னதாக அவர்களுடைய நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன. அவரிடம் படித்தவர்களுக்கே மூன்று மணி நேரம் போதும் என்றால், வேலைக்குப் போய்வரும் நமக்கு அரை மணி நேரம் குறைவு என்று ஏங்க வேண்டியதில்லை.

நேரந்தவறாதவர்

கேட்டு வாசித்தால் ஸ்கேல் உதவும் என்பதில் நாம் ஒன்றுபடுகிறோம். ஹானோனை நான் விடப்போவதில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதைப் பரிந்துரைப்பதை நிறுத்திக்கொள்கிறேன்.

இரு பிள்ளைகளின் தாய்

மன்னிக்கவும், கேள்வியைச் சற்றே விரிவாக்குகிறேன். என் மூத்த மகளுக்கு ஒன்பது வயது. வகுப்பில் மகிழ்ச்சியாக இருக்கிறாள். வீட்டில் பயிற்சி என்றால் அழுகை. பயிற்சி செய்தால் நட்சத்திர ஒட்டி, பத்து நட்சத்திரம் சேர்ந்தால் பரிசு என்று ஓர் அட்டவணை போட்டேன். தொடக்கத்தில் நன்றாக நடந்தது. இப்போது பரிசின் மதிப்பைக் கூட்டச் சொல்லிப் பேரம் பேசுகிறாள். இதைத் தொடர்வதா, விட்டுவிடுவதா?

கற்றுத்தருபவர்

விட்டுவிடுங்கள், அம்மா; ஆனால் ஒரே நாளில் பறித்துவிடாமல் மெல்ல விடுங்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் செய்த புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய சிறு குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லித் தந்தார்கள்; மற்றொரு பிரிவினருக்குச் சொல்லாமலேயே இறுதியில் தந்தார்கள்; மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் தரவில்லை. பின்னர் பரிசு எதுவும் இல்லாமல் விட்டபோது, முதல் பிரிவினர் மற்றவர்களைவிட மிகக் குறைந்த நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. எனவே, நன்றாக வாசித்த ஒரு மாலையில் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேனும் அழைத்துச் செல்வதில் தவறில்லை. விலை பேசுவதில்தான் தவறு.

ஒட்டிகளுக்குப் பதிலாக அவளுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுங்கள். ஆசிரியர் கொடுத்த உருப்படிகளோடு அவளே விரும்பிக் கேட்கும் ஏதேனும் ஒரு பாட்டையும் வாரப் பயிற்சியில் சேர்க்கச் சொல்லி ஆசிரியரிடம் பேசுங்கள். ரென்விக், மெக்ஃபெர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கிளாரினெட் கற்ற ஒரு சிறுமியின் வீட்டுப் பயிற்சியை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஆசிரியர் கொடுத்தவற்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்துவிட்டு எழுந்துபோன அதே சிறுமி, தானே விரும்பிக் கேட்ட பாட்டில் தவறும் இடங்களில் நின்று, மனத்துக்குள் பாடிப் பார்த்து, ஓசையின்றி விரல்களை மட்டும் நகர்த்திப் பார்த்து, மிகுந்த பொறுமையோடு உழைத்தாள். பொறுமை அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அதைச் செலவழிக்கத் தகுந்த பொருளைத்தான் யாரும் அவளிடம் கொடுக்கவில்லை.

பெடல்

தாயாருக்கு என் தரப்பிலிருந்து ஒரு வரி: அடுத்த அறையிலிருந்து “மறுபடி வாசி” என்று குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, சில நாள்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடமே பாடம் கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்குக் கற்றுக்கொடுப்பதில் குழந்தைகளுக்கு இருக்கும் உற்சாகம் தனி.

தேர்வர்

பெரியவர்களுக்கும் பொருந்தும் ஒரு வழியைச் சொல்கிறேன். தரநிலைத் தேர்வு ஒன்றுக்குப் பதிவு செய்துவிட்டால் பயிற்சி தானாக நடக்கும். 1889-இல் தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டன் இசைத் தேர்வு நிறுவனத்தின் தேர்வுகளில் எட்டு நிலைகள் உள்ளன. வழக்கமான நேரடித் தேர்வில் மூன்று உருப்படிகள், ஸ்கேல்கள், சைட் ரீடிங் (முன்பு பார்த்திராத தாளைப் பார்த்ததும் வாசிப்பது), கேட்டறிதல் எனப் பகுதிகள் இருக்கும். 150-க்கு 100 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி, 120-க்கு மெரிட், 130-க்கு டிஸ்டிங்ஷன். தேதி குறித்துப் பணமும் கட்டிவிட்ட பிறகு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

துணைவாசிப்பாளர்

தேர்வுகளை நான் குறை சொல்லமாட்டேன்; பாடத்திட்டம் ஒழுங்கைத் தருகிறது. ஆனால் தேர்வுக்காக மட்டுமே வாசித்தவர்களில் பலர் ஆண்டு முழுவதும் மூன்றே உருப்படிகளை வாசித்து, அவற்றின் மீதே வெறுப்பு வந்து, தேர்வு முடிந்த மறுநாள் மூடியை மூடுவதை நான் கண்டிருக்கிறேன். எட்டாம் நிலையைத் தாண்டியும், கையில் தாள் இல்லாமல் ஒரு பாட்டுக்கூட வாசிக்க வராதவர்கள் உண்டு.

நான் பாடகர்களுக்கும் வயலின் வாசிப்பவர்களுக்கும் பியானோவில் துணை வாசிப்பவன். பியானோ பெரும்பாலும் தனிமையான கருவி. வயலினோ புல்லாங்குழலோ கற்பவர் விரைவிலேயே ஏதேனும் ஒரு குழுவில் சேர்ந்துவிடுகிறார். பியானோ கற்பவர் ஆண்டுக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி தனியாக வாசிக்கிறார். ஆர்வம் வற்றுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று எண்ணுகிறேன். வியாழக்கிழமை இன்னொருவர் வந்து உட்காரப் போகிறார் என்று தெரிந்தால், புதன்கிழமை யாரும் சொல்லாமலேயே கை பியானோவுக்குப் போகும். ஒரே பியானோவில் இருவர் வாசிப்பதற்கான நான்கு கை உருப்படிகள் ஏராளமாக உள்ளன. இசையமைப்பாளர் தியாபெல்லியின் 149-ஆம் ஓபஸ் (படைப்பு) அதற்கென்றே அமைந்தது: முதல் பாகத்தை வாசிப்பவர் ஐந்து ஸ்வரங்களின் எல்லைக்குள்ளேயே கையை வைத்திருக்கலாம், அனுபவமுள்ளவர் வாசிக்கும் இரண்டாம் பாகம் அதை முழுமையான இசையாக்கிவிடும். தொடக்கநிலையில் இருப்பவருக்கு, தானும் ஒரு பெரிய இசையின் உள்ளே இருக்கிறோம் என்ற உணர்வை இவ்வளவு எளிதில் தரக்கூடியது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. கூட வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால், பாடத் தெரிந்த ஒருவருக்கு கார்டுகளை மட்டும் வாசியுங்கள். அங்கே தவறினால் நின்று திருத்த முடியாது. பாட்டு போய்க்கொண்டே இருக்கும். தவறிய பிறகும் தொடர்ந்து செல்லும் பழக்கத்தைத் தனிப் பயிற்சி ஒருபோதும் தராது.

கறுப்புக்கட்டை

இழையைத் தொடங்கியவருக்கு: கையில் இரண்டு உருப்படிகள் மட்டுமே இருக்கின்றன, இரண்டும் உங்கள் நிலைக்குச் சற்று மேலே இருக்கின்றன. ஏதேனும் ஒன்றை முடித்தோம் என்ற நிறைவு மாதக்கணக்கில் கிடைக்காமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒரு கடினமான உருப்படிக்குப் பக்கத்தில், ஒரு வாரத்தில் முடித்துவிடக்கூடிய சிறியது ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அத்தகைய சிறியவற்றைப் பெரிய இசையமைப்பாளர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஷூமான் 1848-இல் தம் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதத் தொடங்கிய ‘இளையோருக்கான தொகுப்பு’ 43 உருப்படிகளைக் கொண்டது. முதல் பகுதியில் உள்ளவை பல ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பார்டோக்கின் ‘மிக்ரோகாஸ்மோஸ்’ ஆறு தொகுதிகளில் 153 உருப்படிகள். முதல் தொகுதியில் இரண்டு கைகளும் ஒரே மெட்டை வாசிப்பதில் தொடங்கி, ஆறாம் தொகுதியில் மேடைக் கச்சேரிக்குரிய நிலைக்குச் செல்கிறது. குழந்தைகளுக்கானது என்று கூச்சப்பட வேண்டாம். பார்டோக்கின் காதுக்கு வயது வரம்பு இல்லை.

முடித்த உருப்படிகளை விட்டுவிடவும் கூடாது. வாரம் ஒரு நாள் பயிற்சி எதுவும் செய்யாமல், ஏற்கெனவே கைக்கு வந்தவற்றை மட்டும் யாருக்காவது வாசித்துக் காட்டுவதுபோல முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். இல்லையென்றால் எப்போதும் தெரியாததை மட்டுமே வாசித்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டுக்கு வந்த விருந்தினர் “ஏதாவது வாசியுங்கள்” என்றால் வாசிக்க ஒன்றும் இருக்காது.

கற்றுத்தருபவர்

கறுப்புக்கட்டை சொன்னதை வழிமொழிகிறேன். ஷூமானைக் குறிப்பிட்டதால் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். வலது கை விரலில் ஏற்பட்ட பாதிப்பால், கச்சேரிப் பியானோ கலைஞர் ஆகும் எண்ணத்தை அவர் 1830-களின் தொடக்கத்தில் கைவிட நேர்ந்தது. அதன் காரணம் குறித்து இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி எடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பது உறுதியின் அடையாளம் அல்ல என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. வலித்தால் நிறுத்துங்கள், இருக்கையின் உயரத்தைப் பாருங்கள், முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வருகிறதா என்று கவனியுங்கள். தோளை உயர்த்திக்கொண்டு வாசிப்பவர்களுக்குப் பயிற்சி உடல் அளவிலேயே வெறுத்துப்போகும். அவர்களோ ஆர்வம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்திநேர மாணவன்

எல்லோருக்கும் நன்றி. சில நாள்களாக இன்வென்ஷனின் ஏழாம், எட்டாம் பார்களிலிருந்து மட்டுமே தொடங்குகிறேன். உருக்களை வட்டமிட்ட தாளைப் பார்த்து என் ஆசிரியரே சிரித்துவிட்டார். இடதுகையின் நான்காம் விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் வேறு விரல் போய்க்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது. ‘ஃபியூர் எலீஸை’ ஆசிரியரின் ஒப்புதலோடு சில காலம் ஒதுக்கிவைத்துவிட்டு, ‘மிக்ரோகாஸ்மோஸின்’ இரண்டாம் தொகுதியை எடுத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதம் பணி நிமித்தமாகச் சில வாரங்கள் வெளியூரில் இருக்க வேண்டும். அங்கே பியானோ இல்லை. முன்பு இதுபோல் இடைவெளி விட்டபோது, திரும்பி வந்து வாசித்தால் எல்லாம் போய்விட்டதாகத் தோன்றி, மேலும் பல வாரங்கள் பக்கத்திலேயே போகவில்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

துணைவாசிப்பாளர்

பயணத்தில் தாளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இன்வென்ஷனின் ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டே மறு குரலின் விரல்களை மேசை மீது நகர்த்திப் பாருங்கள். எந்த பாரில் மனம் வெறுமையாகிறதோ அந்த பார் உண்மையில் மனப்பாடமாகவில்லை, கை மட்டுமே அதை அறிந்திருந்தது என்று பொருள். அந்த பார்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். திரும்பியதும் முதல் வாரத்துக்கு அதுவே உங்கள் வேலைப்பட்டியல்.

கற்றுத்தருபவர்

திரும்பி வந்த முதல் நாளில் உருப்படியை முழு வேகத்தில் வாசித்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். எல்லாம் போய்விட்டது என்ற எண்ணம் அந்தச் சோதனையில்தான் பிறக்கிறது. விரல்களின் விரைவு சில வாரங்களில் மங்கும். ஆனால் நன்கு கற்ற ஒன்றை இரண்டாம் முறை கற்பதற்கு முதல் முறை ஆன நேரத்தில் சிறு பகுதியே போதும். எனவே முதல் மூன்று நாள்கள் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, தாளைப் பார்த்தே வாசியுங்கள். கூடவே, கிளம்புவதற்கு முன்பு உங்கள் கைப்பேசியில் இன்வென்ஷனைப் பதிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள். அதில் தவறுகள் இருந்தாலும் பரவாயில்லை. திரும்பி வந்து இரண்டாம் வார இறுதியில் மீண்டும் பதிவு செய்து இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். முடிந்தால் இரண்டு பதிவுகளையும் இந்த இழையிலேயே இடுங்கள். ஏழாம் பாரில் நான்காம் விரல் வருகிறதா என்று நாங்களும் கேட்டுச் சொல்கிறோம்.